ஏற்றத்தில் நடந்தால் அது ஓட்டமா?

கேள்வி: ஜனவரி 6, 2025

சென்னையில் பல வருடமாக ஓடியவன். ஹாஃப் மாரத்தான் இரண்டு மணி நேரத்துக்குள் முடிப்பேன். நவம்பரில் வேலை மாற்றலாகி குன்னூர் வந்தேன். பேருந்து நிலையத்திலிருந்து சிம்ஸ் பூங்கா வரை ஓடுவதற்குள் மூச்சு முட்டுகிறது, பாதி ஏற்றம் நடந்துதான் போகிறேன். வாட்ச் காட்டும் வேகத்தை வெளியில் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. பழைய குழுவில் கேட்டால், "நடந்தால் அது ஓட்டமே இல்லை, மலைக் காற்றில் ஆக்சிஜன் கிடையாது, பேசாமல் ட்ரெட்மில் வாங்கிக்கொள்" என்கிறார்கள். வயது 44. மலையில் இருப்பவர்கள் எப்படித்தான் ஓடுகிறீர்கள்?

ஜனவரி 6, இரவு

ட்ரெட்மில் வாங்க வேண்டாம் தம்பி. நான் கோத்தகிரி. இந்த மலையிலேயே ஓட ஆரம்பித்து இங்கேயே ஓடிக்கொண்டிருப்பவள். கீழேயிருந்து மாற்றலாகி வருகிறவர்கள் முதல் இரண்டு மாதத்தில் "வயசாகிவிட்டது" என்று ஷூவைக் கழற்றி வைப்பதைப் பார்த்துப் பார்த்து வருத்தப்பட்டிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த ஆக்சிஜன் விஷயம். காற்றில் ஆக்சிஜனின் பங்கு மெரினாவிலும் தொட்டபெட்டா உச்சியிலும் ஒன்றுதான், சுமார் 21 சதவீதம். மேலே போகப் போகக் குறைவது காற்றின் அழுத்தம். குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம். அங்கே அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். ஊட்டி 2,240 மீட்டர், அங்கே இன்னும் குறைவு. அழுத்தம் குறைந்தால் ஒவ்வொரு மூச்சிலும் இரத்தத்துக்குப் போய்ச் சேரும் ஆக்சிஜன் குறையும். உட்கார்ந்திருக்கும்போது உடம்பு அதைச் சமாளித்துவிடும், ஓடும்போது முடியாது.

1968 ஒலிம்பிக் நடந்த மெக்சிகோ நகரமும் 2,240 மீட்டர்தான், நம் ஊட்டி உயரம். 10,000 மீட்டர் ஓட்டத்தில் அன்றைய உலக சாதனை ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க்குடையது, 27 நிமிடம் 39 விநாடி. மெக்சிகோவில் அவர் ஆறாவதாக வந்து, கோட்டைத் தாண்டியதும் சரிந்து விழுந்தார். ஆக்சிஜன் கொடுக்க வேண்டியிருந்தது. ஜெயித்தவர் கென்யாவின் நஃப்தாலி டெமு. தங்கம் வாங்கிய அவருக்கே 29 நிமிடம் 27 விநாடி ஆனது. சாதனை நேரத்தைவிட ஒன்றே முக்கால் நிமிடத்துக்கு மேல் அதிகம், அதுவும் சமதளமான மைதானத்தில். அப்படியிருக்க உங்கள் வாட்ச் காட்டும் எண்ணைச் சொல்ல எதற்குக் கூச்சம்?

ஜனவரி 7

காலையில் ஓடும்போது யோசித்தேன். நேற்று உயரத்தைப் பற்றி மட்டும் எழுதிவிட்டேன், நீங்கள் கேட்டது நடப்பதைப் பற்றி.

கல்லாறிலிருந்து குன்னூர் வரை மலை ரயிலுக்குப் பற்சக்கரம் தேவைப்படுகிறது. அந்தப் பாதையின் அதிகபட்சச் சரிவு 12க்கு 1, அதாவது நூறு மீட்டர் போனால் எட்டு மீட்டருக்கு மேல் ஏறும். குன்னூரைச் சுற்றியுள்ள எஸ்டேட் சாலைகளில் அதைவிடச் செங்குத்தான துண்டுகள் எத்தனையோ. பத்து சதவீத ஏற்றத்தில் ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்கு, சமதளத்தில் ஆகும் சக்தியைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகும். சென்னையில் ஏற்றம் என்றால் மேம்பாலம்தான். உங்கள் நண்பர்களுக்கு இது தெரிய வாய்ப்பில்லை.

ஒரு அளவுக்கு மேல் செங்குத்தாகிவிட்டால் ஓடுகிறவரும் வேகமாக நடக்கிறவரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான் மேலே போய்ச் சேருவார்கள். நடந்தவருக்குத் தெம்பு மிச்சம் இருக்கும், ஓடியவருக்கு இருக்காது. மலை ஓட்டப் பந்தயங்களில் முன்வரிசையில் வருகிறவர்களே தொடையில் கையை ஊன்றி நடந்துதான் ஏறுகிறார்கள். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது பந்தயம் இல்லை, பச்சைத்தேயிலை மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு எடை போடும் இடத்துக்கு ஏறும் அம்மாக்கள். சின்னச் சின்ன அடி, ஒரே சீர், எங்கேயும் அவசரம் கிடையாது. நான் தாண்டி ஓடுவேன். அடுத்த வளைவில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பேன், அவர்கள் என்னைத் தாண்டிப் போவார்கள்.

என் வழி இதுதான். கிலோமீட்டர் கணக்கை விட்டுவிடுங்கள், நிமிடக் கணக்கில் ஓடுங்கள். போக இருபது நிமிடம், வர இருபது நிமிடம், எவ்வளவு தூரம் வந்ததோ வரட்டும். ஏறும்போது ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறவரை ஓடுங்கள். வாக்கியம் இரண்டு மூன்று சொல்லில் உடைந்தால் நடங்கள். மூச்சு மூக்குக்குத் திரும்பியதும் மறுபடி ஓடுங்கள். நின்றுவிடாதீர்கள், நடங்கள். நின்றால் வியர்வை குளிர்ந்து உடம்பு விறைத்துவிடும்.

ஜனவரி 7, மாலை

கொடைக்கானலிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார், "எங்கள் ஏரியைச் சுற்றினால் பரவாயில்லை, பூம்பாறை சாலையில் போனால் உயிர் போகிறது, ஏன்?" என்று. உயரமும் ஏற்றமும் இரண்டு தனித்தனிச் சிரமங்கள். ஏரிச் சாலை சுமார் ஐந்து கிலோமீட்டர், பெரும்பாலும் சமதளம். அங்கே உங்களைப் படுத்துவது உயரம் மட்டும். குன்னூர் தம்பிக்கு இரண்டும் ஒரே நாளில் வந்து சேர்ந்துவிட்டது. கொடைக்கானலில் இருக்கிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள், முதல் சில வாரம் ஏரியோடு நிறுத்திக்கொண்டு உயரத்துக்குப் பழகிவிட்டு அப்புறம் மேட்டுக்குப் போகலாம். ஊட்டியில் மைதானம் இருக்கிறது. குன்னூரில் அப்படிச் சமமான நீளத் துண்டு கிடைப்பது கஷ்டம். அதற்காகவே வாரத்தில் ஒரு நாள் பேருந்து ஏறி ஊட்டி போய் ஓடுகிற ஒருவரை எனக்குத் தெரியும்.

ஜனவரி 12

உறைபனி பற்றிக் கேட்டவர்களுக்கு. குளிர்ந்த காற்று கனமானது, இரவில் சரிவிலிருந்து இறங்கிப் பள்ளத்தில் தேங்கிவிடும். அதனால்தான் தலைகுந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம் பக்கமெல்லாம் காலையில் புல் வெள்ளையாகக் கிடக்கிறது. சரிவில் இருக்கும் ஊர்களில் அந்த அளவுக்கு இல்லை. ஜனவரியில் ஊட்டிக்காரர்கள் மைதானத்தை விட்டுவிட்டு மேட்டுச் சாலைக்குப் போவது நல்லது. வெயில் பட்ட பிறகு கிளம்பினால் இன்னும் நல்லது. உருகிய உறைபனி தாரில் எண்ணெய் மாதிரி வழுக்கும்.

உடைக்கு: கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும். கிளம்பும்போதே இதமாக இருந்தால் பத்தாவது நிமிடம் ஸ்வெட்டரை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடுவீர்கள். பருத்தி பனியன் வேண்டவே வேண்டாம், வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காதும் விரலும் மட்டும் மூடியிருக்கட்டும். தொண்டை எரிகிறது என்றவருக்கு, மூக்கும் வாயும் மறைகிற மாதிரி ஒரு மெல்லிய துணி போதும். வெளிவிடும் மூச்சின் ஈரத்தையே உள்ளே போகும் காற்றுக்குக் கொடுக்கும்.

குளிரில் தாகம் தெரியாது, ஆனால் இந்த வறண்ட காற்றில் மூச்சு வழியாகவே நிறைய நீர் போகிறது. திரும்பி வந்ததும் தண்ணீர் குடியுங்கள். வெயிலும் அப்படித்தான். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் பத்து சதவீதத்துக்கு மேல் கூடும். குளிருகிறதே என்று முகத்தைக் காட்டிக்கொண்டு ஓடினால் மூக்கு உரிந்துவிடும்.

பிப்ரவரி 2

தம்பி எழுதியிருந்தார்: ஏற்றத்தில் இப்போது பரவாயில்லை, ஆனால் லேம்ஸ் ராக் வரை போய் இறங்கி ஓடி வந்த மறுநாள் படிக்கட்டில் கால் வைக்க முடியவில்லை, முட்டி போய்விட்டதா என்று. முட்டியா தொடையா என்று திருப்பிக் கேட்டேன். தொடையின் முன்பக்கம் என்றார். அப்படியென்றால் பயப்பட ஒன்றும் இல்லை.

எல்லோரும் ஏற்றத்துக்குத்தான் பயப்படுகிறார்கள். என் அனுபவத்தில் ஓடுகிறவர்களை வீட்டில் உட்கார வைப்பது இறக்கம்தான். ஏறும்போது தொடைத் தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே பிரேக் போட வேண்டியிருக்கிறது. இழுபட்டபடியே சுமை தாங்கும்போது தசை நார்களில் நுண்ணிய சேதம் ஏற்படும். வலி அன்றைக்கே தெரியாது. ஒரு நாள் கழித்துத் தொடங்கி இரண்டாம் நாள் உச்சத்துக்குப் போகும், மூன்று நான்கு நாளில் தானே அடங்கும். மூச்சு வாங்காததால் நன்றாக ஓடுகிறோம் என்று நினைத்து வேகம் கூட்டிவிடுவோம். ஜனவரியில் நான் சொன்ன மூச்சுக் கணக்கு ஏற்றத்துக்கு மட்டும்தான் பொருந்தும், இறக்கத்தில் மூச்சை நம்பக் கூடாது. அதை அப்போதே பிரித்துச் சொல்லியிருக்கலாம்.

நல்ல செய்தி என்னவென்றால், இப்படி ஒரு தடவை வலித்து ஆறிய தசை அடுத்த சில வாரங்களுக்கு அதே இறக்கத்தை எளிதாகத் தாங்கும். அதனால் இறக்கத்தை ஒதுக்காமல், கொஞ்சமாகத் தொடங்கி விடாமல் செய்ய வேண்டும். அடி குட்டையாக, விரைவாக. கால் உடம்புக்கு நேர் கீழே விழ வேண்டும், முன்னால் நீட்டிக் குதிகாலால் குத்தக் கூடாது. உடம்பைப் பின்னால் சாய்க்கவும் கூடாது, சாய்ந்தால் ஒவ்வொரு அடியும் பிரேக்தான். கை இரண்டும் கொஞ்சம் விரிந்திருக்கட்டும். பார்வை காலடியில் இல்லாமல் ஏழெட்டு அடி தள்ளி இருக்கட்டும்.

முட்டியின் மூட்டிலேயே குத்துகிற வலி, வீக்கம், மடக்க முடியாமை என்றால் அது வேறு. அதற்கு மருத்துவரிடம்தான் போக வேண்டும், என்னிடம் கேட்கக் கூடாது.

பிப்ரவரி 3

கால் நகம் கறுத்துப்போகிறது என்று மூன்று பேர். இறக்கத்தில் கால் ஷூவுக்குள் முன்னால் சறுக்கி நகம் இடிக்கிறது. நகத்தை ஒட்ட வெட்டுங்கள், பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிற ஷூ எடுங்கள், மேலே கடைசியாக இருக்கும் துளையிலும் லேஸ் கோத்துக் கணுக்காலோடு இறுக்குங்கள். பாதி பேருக்கு இதிலேயே சரியாகிவிடும்.

பிப்ரவரி 16

இன்று காலை கோடநாடு சாலையில் மூடுபனி. இருபதடி முன்னால் எதுவும் தெரியவில்லை. செருமல் சத்தம் கேட்டு நின்றேன். ஒற்றைக் காட்டெருமை, சாலைக்கும் தேயிலைக்கும் நடுவில். பின்னோக்கியே மெதுவாக நடந்து விலகி, பால் வண்டி ஒன்று வரும்வரை காத்திருந்து அதன் மறைவில் தாண்டினேன். இதை எழுதக் காரணம், கோவையிலிருந்து வந்த ஒரு இளைஞர் காட்டெருமைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துப் போட்டு "சாதுவான மிருகம்" என்று எழுதியிருந்தார். சாதுதான், நெருங்காதவரை. வளர்ந்த ஆண் ஒரு டன் வரை எடை வரும். இந்த மலையில் அது முட்டிச் செத்தவர்கள் இருக்கிறார்கள்.

இங்கே பிறந்தவர்களுக்குத் தெரிந்ததை வெளியூர்க்காரர்களுக்காக எழுதுகிறேன். கூட்டமாக மேய்ந்தால் பெரும்பாலும் உங்களைக் கண்டுகொள்ளாது. தனி ஆணும், கன்றோடு இருக்கும் தாயும்தான் ஆபத்து. தலையைத் தாழ்த்தி, செருமி, காலால் மண்ணைத் தட்டினால் அது எச்சரிக்கை. அந்த இடத்தில் ஓட்டப் பயிற்சியை மறந்துவிட்டு மெதுவாகப் பின்வாங்குங்கள். சாலையை மறித்து நின்றால் சுற்றிப் போக நினைக்காதீர்கள், ஒரு பக்கம் சரிவு, ஒரு பக்கம் புதர், அதற்கும் ஒதுங்க வழி கிடையாது. அது போகும்வரை காத்திருங்கள். ஒரு நாள் பயிற்சி போனால் போகட்டும்.

கரடிதான் எனக்கு உண்மையான பயம். கோத்தகிரியில் அது அடுப்படி வரை வருகிறது. இரவில் உலாவிவிட்டு விடியும் நேரத்தில் தேயிலைக்குள்ளேயே படுத்துக்கொள்ளும். செடி இடுப்பளவு, உள்ளே இருந்தால் தெரியவே தெரியாது. கரடிக்குக் கண் மந்தம், திடுக்கிட்டால் தாக்கும். எதிர்பாராமல் கிட்டத்தில் எதிர்ப்படுவதில்தான் பெரும்பாலான தாக்குதல் நடக்கிறது. அதனால் நாம் வருவது அதற்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். வளைவுக்கு முன்னால் கை தட்டுவேன், சத்தமாகப் பேசுவேன். தனியாகப் பேசிக்கொண்டு ஓடுகிறாள் என்று எஸ்டேட்டில் எனக்குப் பெயர் உண்டு, இருந்துவிட்டுப் போகட்டும். வெளிச்சம் வந்த பிறகே கிளம்புங்கள். காதில் பாட்டு வேண்டாம். இந்த ஒன்றில் நான் யாரோடும் சமாதானத்துக்கு வரமாட்டேன்.

பிப்ரவரி 17

நாய்க்கு ஒரு தனிக் குறிப்பு, ஏனென்றால் ஓடுகிறவர்கள் தினம் தினம் சந்திப்பது அதைத்தான். துரத்தினால் நில்லுங்கள். கண்ணுக்குள் பார்க்காமல், பக்கவாட்டில் திரும்பி, நடந்து கடந்துபோங்கள். கல் எடுப்பதுபோல் குனிந்தாலே பாதி நாய்கள் விலகிவிடும். ஒரே தெருவில் தினமும் ஓடினால் ஒரு வாரத்தில் அவற்றுக்கு நீங்கள் பழகிவிடுவீர்கள்.

கடித்துவிட்டால், சின்னக் கீறலாக இருந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்க வேண்டாம். அன்றைக்கே அரசு மருத்துவமனை, அப்புறம் அவர்கள் எழுதித் தரும் தேதிகளில் ஒரு ஊசி விடாமல் அத்தனையும். ரேபீஸ் அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாது. குன்னூரில் சிம்ஸ் பூங்கா பக்கம் ஓடும்போது தம்பி பார்த்திருப்பார், பாஸ்டர் நிறுவனம். 1907இல் வெறிநாய்க்கடி சிகிச்சைக்காகவே தொடங்கியது. அதன் வாசல் வழியாகத் தினமும் ஓடுகிற ஊர்க்காரர்கள் ஊசி விஷயத்தில் அலட்சியமாக இருக்கலாமா?

மார்ச் 9

பெண்கள் தனியாகக் கேட்ட கேள்விகளுக்குச் சேர்த்து இங்கேயே எழுதுகிறேன், மற்றவர்களும் படிக்கட்டும்.

முதலில் கழிப்பிடம். ஆண்களுக்கு இது ஒரு கேள்வியாகவே தோன்றாது. பத்து கிலோமீட்டர் தேயிலைச் சாலையில் பெண்களுக்கு ஒரு இடம் கிடையாது. அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் ஓடுகிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். என் பாதைகளை நான் கழிப்பிடத்தை வைத்துத்தான் வகுத்திருக்கிறேன். தெரிந்த வீடு, கோவில், காலையில் திறந்திருக்கும் பெட்ரோல் பங்க். வட்டமாக நீண்டு போகும் பாதையைவிட, வீட்டைத் தொட்டு இரண்டு தடவை போய் வரும் பாதை வசதி. மாதவிடாய் நாட்களில் இது இன்னும் முக்கியம்.

அடுத்தது இரத்தம். ஒரு காலத்தில் எந்த ஏற்றத்திலும் கால் இரும்பாகக் கனக்கும், தூங்கி எழுந்தாலும் அலுப்பு தீராது. நாற்பதைத் தாண்டினால் அப்படித்தான் என்று சுற்றியிருந்த எல்லோரும் சொன்னார்கள். பரிசோதனையில் ஹீமோகுளோபின் மிகவும் குறைவு. உயரத்துக்குப் பழகுவதில் முக்கியமான ஒன்று உடம்பு கூடுதலாகச் சிவப்பணு உண்டாக்குவது, அது வாரக்கணக்கில் நடக்கிற வேலை. அதற்கு இரும்புச்சத்து வேண்டும். இருப்பிலேயே இல்லாதபோது மலைக்கு வந்து மூன்று மாதமானாலும் மூன்று வருடமானாலும் மூச்சிரைப்பு குறையாது. மலையில் ஓடுகிற பெண்கள் எல்லோரும் வருடம் ஒரு முறையாவது ஹீமோகுளோபின் பாருங்கள், முடிந்தால் உடம்பின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஹீமோகுளோபின் பார்த்துவிடுவார்கள். மாத்திரை மட்டும் மருத்துவர் சொல்லாமல் எடுக்க வேண்டாம், இரும்புச்சத்து மிகுந்தாலும் கெடுதல்தான்.

இங்கே நம் ஊர் பழக்கம் ஒன்று குறுக்கே வருகிறது. சாப்பிட்ட கையோடு டீ. தேயிலையில் இருக்கும் டானின், கீரையிலும் பருப்பிலும் கேழ்வரகிலும் உள்ள இரும்புச்சத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவில் குறைந்தது ஒரு மணி நேரம் விடுங்கள். முருங்கைக்கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ கொய்யாவோ சேர்த்துச் சாப்பிட்டால் இரும்புச்சத்து நன்றாக ஏறும்.

மார்ச் 10

"தேயிலை ஊரில் உட்கார்ந்துகொண்டு டீ குடிக்காதே என்கிறீர்களா?" என்று ஒருவர் கோபப்பட்டிருக்கிறார். ஐயா, எங்கள் வீட்டுச் சோறே பச்சைத்தேயிலையில்தான் வருகிறது. ஓடி முடித்து வந்து வர்க்கியோடு குடிக்கும் டீயை நானும் விடமாட்டேன். சாப்பாட்டோடு சேர்த்து வேண்டாம் என்றுதான் எழுதினேன்.

மார்ச் 23

தம்பியின் வாட்ச் பிரச்சினை. ஒரே பாதையில் ஒரு நாள் 9.1 கிலோமீட்டர், மறுநாள் 8.6 காட்டுகிறதாம். கொண்டை ஊசி வளைவுகளில் வாட்ச் புள்ளிக்குப் புள்ளி நேர்கோடு போட்டு இணைக்கிறது. வளைவு சின்னதாக இருந்தால் அதைக் குறுக்கே வெட்டிவிடும். ஒரு பக்கம் மலைச்சுவர், மேலே கற்பூர மரம் (யூகலிப்டஸ்) என்றால் செயற்கைக்கோள் சிக்னலும் சரியாக விழாது. மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள், அங்கே வாட்ச் சொல்லும் தூரத்தை யாரும் நம்ப வேண்டாம். உயரக் கணக்கிலும் சிக்கல் உண்டு. காற்றழுத்தத்தை வைத்து உயரம் சொல்கிற வாட்சுக்கு, மேகம் கூடி அழுத்தம் குறைந்தால் நீங்கள் ஏறியதாகவே தோன்றும். நின்ற இடத்திலேயே பத்து இருபது மீட்டர் ஏற்றிவிடும். குளிரில் மணிக்கட்டில் இரத்த ஓட்டம் குறைவதால் இதயத்துடிப்பும் தாறுமாறாக வரும்.

அதற்காக வாட்சைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. ஜனவரியில் கிலோமீட்டர் கணக்கை விடச் சொன்னதை இங்கே சிலர் வாட்சே கூடாது என்று எடுத்துக்கொண்டார்கள். ஒரே ஏற்றத்தை, ஒரே மூச்சு அளவில், மாதம் ஒரு தடவை எத்தனை நிமிடத்தில் ஏறுகிறீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். தொடங்கும் மின்கம்பமும் முடியும் மின்கம்பமும் நகராது. அந்த எண் உண்மை சொல்லும். தம்பி ஒரு நல்ல ஏற்றத்தைப் பிடித்து வைத்திருக்கிறார், ஜனவரிக்கும் இப்போதைக்கும் வித்தியாசம் தெரிகிறது என்று எழுதினார். படித்ததும் எனக்கே ஓடியதுபோல் இருந்தது.

ஏப்ரல் 27

சீசன் தொடங்கிவிட்டது. 2024 மே மாதத்திலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவுப்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வர இ-பாஸ் வேண்டும். இருந்தும் வாகனம் வாகனம்தான். மலைச் சாலை பழக்கமில்லாத ஓட்டுநர்கள், வளைவில் வெளிப்பக்கம் அகலமாகத் திரும்புவார்கள்.

வண்டியை எதிர்கொண்டு, அதாவது சாலையின் வலது பக்கம் ஓடுங்கள் என்பது பொது விதி. ஆனால் வலது பக்கம் மலைச்சுவர் இருக்கும் குருட்டு வளைவில் அதையே பிடித்துக்கொண்டு ஓடினால் ஒதுங்க இடமே இருக்காது. வளைவுக்கு நன்றாக முன்னாலேயே, இரு பக்கமும் பார்த்து, வெளிப்பக்கத்துக்கு மாறுங்கள். தூரத்திலிருந்தே உங்களைப் பார்க்க முடியும். வளைவு முடிந்ததும் திரும்ப வாருங்கள். மூடுபனியில் கறுப்பு உடை போடாதீர்கள். மே மாதம் முழுக்க நான் பெரிய சாலைப் பக்கமே போவதில்லை, ஹட்டிகளுக்குள், அதாவது படுகர் ஊர்களுக்குள் போகும் சின்னச் சாலைகளோடு சரி. அங்கே ஓடும்போது வேகத்தைக் குறைத்து ஒரு வணக்கம் சொல்லிப் போங்கள். அது அவர்கள் வாசல்.

தண்ணீர் பாட்டிலைக் கையிலேயே கொண்டு வாருங்கள். பிளாஸ்டிக் பாட்டில் இங்கே தடை, சாலையோரக் குடிநீர் ஏடிஎம்களில் நிரப்பிக்கொள்ளலாம். ஓடை தெளிவாக இருக்கிறதே என்று குடிக்காதீர்கள். மேலே தேயிலை, காய்கறித் தோட்டம், அங்கே அடிக்கிற மருந்தெல்லாம் இதில்தான் இறங்குகிறது.

ஜூன் 15

தென்மேற்கு மழை. குந்தா, ஊட்டி மேற்குப் பக்கம் காற்றோடு அடிக்கிறது, எங்கள் பக்கம் தூறலும் மூட்டமும். காற்று பலமாக இருக்கும் நாளில் கற்பூர மரத்துக்கும் சீகை (வாட்டில்) மரத்துக்கும் கீழே ஓட வேண்டாம், கிளை சொல்லாமல் விழும். சோலைப் பக்கம் போனால் அட்டை. பிடித்து இழுக்காதீர்கள், நகத்தால் நெம்பி விடுங்கள்.

தம்பி ஆகஸ்டில் சென்னையில் ஒரு பத்து கிலோமீட்டர் ஓடப் போகிறார். "மலையில் பழகிவிட்டேன், கீழே பறப்பேன் அல்லவா?" என்று கேட்கிறார். ஆசையைக் கெடுக்க மனமில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். கூடிய சிவப்பணு உதவும்தான். கூடவே உடம்பு வெயிலை மறந்திருக்கும். சீக்கிரம் வியர்க்கத் தொடங்குவது, தோலுக்கு இரத்தத்தை அனுப்பிச் சூட்டைக் கழிப்பது, இதெல்லாம் குளிரில் சில வாரத்திலேயே குறைந்துபோகிற பழக்கம். திரும்ப வர பத்து பதினான்கு நாள் ஆகும். ஒவ்வொரு முறையும் மேட்டுப்பாளையம் தாண்டி ஓடும்போது முதல் மூன்று கிலோமீட்டர் பறப்பேன், அப்புறம் தலை சுற்றும். முடிந்தால் பத்து நாள் முன்னாலேயே இறங்கிவிடுங்கள். விடுப்பு கிடைக்காது என்றால், இங்கே நண்பகலில் ஒரு சட்டை கூடுதலாகப் போட்டு ஓடுங்கள், முடித்ததும் தாங்கும் சூட்டில் வெந்நீர்க் குளியல். தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள். பந்தயத்தன்று முதல் பாதியை வேண்டுமென்றே மெதுவாக ஓடுங்கள்.

ஜூன் 16

ஷூ காயவில்லை என்று ஐந்து பேர். உள்ளட்டையை வெளியே எடுத்துவிட்டு செய்தித்தாளைக் கசக்கித் திணியுங்கள், ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள். அடுப்புப் பக்கத்தில் வைத்தால் பசை விட்டுவிடும். மழைக்காலத்தில் இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுவதுதான் ஒரே வழி, பழைய ஜோடியானாலும் பரவாயில்லை, அடிப்பிடிப்பு தேயாமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஜூன் 18

குன்னூரிலிருந்து மூன்று பேர், ஊட்டியிலிருந்து இரண்டு பேர், எல்லோரும் ஒரு நாள் சேர்ந்து ஓடலாமா என்று கேட்டதற்கு: வாருங்கள். 29ஆம் தேதி ஞாயிறு, காலை ஆறரைக்கு கோத்தகிரி பேருந்து நிலையம். கோடநாடு வரை சுமார் 16 கிலோமீட்டர், அவ்வளவு வேண்டாம். ஒரு மணி நேரம் போய், அங்கிருந்து திரும்பலாம். யார் பின்னால் வந்தாலும் நான் அவர்களோடு வருவேன். தெரிந்த வீடு ஒன்றில் கழிப்பிடத்துக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், பெண்கள் தயங்காமல் வரலாம். தண்ணீர் பாட்டிலும் மாற்றுச் சட்டையும் கொண்டு வாருங்கள். ஊட்டிக்காரர்களுக்கு அந்த நேரத்துக்குள் வந்து சேரப் பேருந்து இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு நாளைக்கு எழுதுகிறேன்.